ராக்குவின் கம்பும் பம்பாய்க் கணக்கும்

ராக்கு தன் வீட்டைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்துபோய்க் கண்மாய்க் கரையில் கொட்டினாள். அதற்குக் கூலியும் வாங்கினாள். இப்படி ஒரு வேலை வேறு எவளுக்காவது வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. சாயல்குடிக்கு வடக்கே, கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து கருவேல இலையில் அப்பிவிட்டுப் போகிற மஞ்சணத்தியேந்தலில், 1965ஆம் வருஷம் மாசி மாதத்தில் ராக்குவுக்கு அது வாய்த்தது.

அவள் கமுதிப் பக்கத்துப் பெண். மூக்கையாவுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தது நாடு விடுதலை பெற்ற வருஷம். ஊருக்குக் கிழக்கே ஓட்டாங்காடு என்று ஒரு மேடு. எங்கே கொத்தினாலும் பானை ஓடு கிளம்பும் என்பதால் அந்தப் பெயர். ஊர்க் கிணற்றில் வாளி போடக் கூடாதவர்கள், ஊர்த் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாதவர்கள், ஊராரின் வயலில் மட்டும் விடியக் காலை முதல் எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம் என்று சலுகை பெற்றவர்கள், அந்த மேட்டில்தான் பனையோலைக் குடிசை போட்டிருந்தார்கள்.

விடுதலை நாளன்று பெரிய நிலக்காரர் குருநாதன் வீட்டு வாசலில் மிட்டாய் கொடுத்தார்கள். கிழக்குக் குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும் எட்ட நின்று வீசினார்கள். எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள். புதுப்பெண் குனியவில்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லி மூக்கையா முழங்கையால் இடித்தபோது, "கையில குடுத்தா வாங்கிக்கிறேன்" என்றாள். அன்றைக்கே ஊர் அவளுக்கு வாயாடி என்று பட்டம் கட்டிவிட்டது.

ராக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள். களை எடுக்கும்போதுகூட அடுத்த வரப்பில் என்ன நடக்கிறது என்று தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதையாவது கேட்பாள். பதில் வராவிட்டால் மறுபடி கேட்பாள். "ஒம் பொண்டாட்டிக்கு உள்ளங்கால்ல முள்ளு இருக்குடா" என்று மற்ற ஆண்கள் மூக்கையாவைக் கேலி செய்வார்கள். "முள்ளு அவ கால்ல, வலி எனக்குல்ல" என்பான் அவன்.

1964 தை அறுவடையில், களத்தில் கூலி அளக்கும் குருநாதன் வீட்டு மரக்கால் மற்ற மரக்கால்களைவிடச் சின்னது என்று ராக்கு சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் வேறொரு வீட்டு மரக்காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தும் காட்டினாள். அந்த ஒரு வருஷம் கிழக்குக் குடியிருப்புக்காரர்களுக்குச் சரியான அளவில் கூலி கிடைத்தது. தானியம் சேர்த்துவைக்கிற ராக்குவின் மண் குலுக்கையில் கம்பு கழுத்துவரை நின்றது. அதே வருஷம் பங்குனியில் ஒரு நடுப்பகல், எல்லாரும் மிளகாய்க் காட்டில் இருந்தபோது ஓட்டாங்காட்டுக் குடிசைகள் ஒன்று மிச்சமில்லாமல் எரிந்தன. கட்டிப்போட்டிருந்த ஆடுகளும் எரிந்தன. அடுப்பில் கிடந்த கங்கு பறந்திருக்கும் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மேட்டில் மறுபடியும் குடிசைக்குக் கால் நட்டபோது குருநாதனின் ஆட்கள் வந்து பிடுங்கிப் போட்டார்கள். ஓடைக்கரையில், மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற உவர் நிலத்தில், ஓலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று.

அரசாங்கம் வீட்டுமனை கொடுக்கிறதாம் என்று கேள்விப்பட்டு ராக்கு சாயல்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். எவ்வளவு காலமாக இந்த மேட்டில் குடியிருந்தீர்கள் என்று அவர் கேட்டதும், ராக்கு வாயைத் திறக்குமுன் மூக்கையா முந்திக்கொண்டான்.

"ஆயிரம் வருசமா இங்கனதான் இருக்கோம் சாமி. எங்க பூர்வீகம் இது."

அதைச் சொன்னபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. இந்த மண்ணில் எவன் எதைப் பிடித்துவைத்திருந்தாலும், எப்படி வந்தது என்று கேட்டால், பூர்வீகம் என்கிறான். வயலும் பூர்வீகம், கோவில் மரியாதையும் பூர்வீகம், தெருவில் இன்னொருவனை நடக்கவிடாததும் பூர்வீகம். பாட்டன் பறித்தது பேரனுக்கு உரிமை ஆகிவிடுகிறது. ஒன்றுமில்லாதவனும் உரிமை கேட்கும்போது அதே வார்த்தையைத்தானே எடுப்பான்? போன வருஷம்வரை குடியிருந்தோம், எரித்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும் என்பது மூக்கையாவுக்குத் தோன்றவே இல்லை. ஆயிரம் என்று சொன்னால்தான் அதிகாரி மதிப்பார் என்று அவன் நம்பினான்.

குருநாதன் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார்.

"மூக்கன் சொல்றது நெசந்தானுங்க. ஆயிரம் வருசத்துப் பழைய எடம். தாழியும் ஓடுமாக் கெடக்கு. சர்க்கார் தோண்டிப் பாக்க வேண்டிய பூமி. இதுல போயி யாராச்சும் குடிசை போடுவாகளா? இந்தச் சனம் என்னைக்கும் ஓடைக்கரையிலதான் இருக்கு."

மேட்டில் கிடக்கிற சாம்பல் எப்படி வந்தது என்று தாசில்தார் கேட்டார். தன் தாத்தா காலத்தில் அங்கே கருப்பட்டி காய்ச்சினார்கள், அந்த அடுப்புச் சாம்பல் என்று குருநாதன் சொன்னார். கிராமக் கணக்குப்பிள்ளை தலையாட்டினார். தோண்டிப் பார்த்து முடிகிறவரை மனைப் பேச்சு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு தாசில்தார் ஜீப்பில் ஏறினார். ஓடைக்கரைக்குத் திரும்பும்போது ராக்கு புருஷனுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். குடிசைக்கு வந்த பிறகு கேட்டாள்: "ஆயிரம் வருசம் இருந்தியே, ஆயிரம் வருசமா அந்த மரக்காலப் பாத்துக்கிட்டா இருந்த?"

சென்னையிலிருந்து அகழ்வாராய்ச்சிக் குழு வந்தது இப்படித்தான். தலைவர் ராமசுப்பிரமணியன் முப்பத்தைந்து வயதுக்காரர். வெயிலில் மூக்கு உரிந்து போயிருக்கும். கெட்டவர் அல்ல. ஆனால் தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் குருநாதன் வீட்டில் கிடைத்ததால், ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீட்டில் சொன்னதுதான். மண் சுமக்க ஆள் வேண்டும் என்றதும் ராக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அவருக்கு வேண்டியது மேட்டின் அடிவயிறு. அங்கே கறுப்பும் சிவப்புமான பானைகளும் நெல் உமி நிறைந்த தாழியும் இருக்கும் என்று எதிர்பார்த்தார். மேலே கிடந்த சாம்பல், அவர் கணக்கில், எடுத்துத் தள்ள வேண்டிய குப்பை. அதைத்தான் ராக்கு தூக்கினாள். முதல் நாள் கரிந்த ஓலை, கரிந்த பனஞ்சட்டம். இரண்டாம் நாள் ஆட்டுக் கயிறு கட்டிய முளைக்குச்சியின் கரிக்கட்டை. ஒவ்வொரு கூடையும் கண்மாய்க் கரைக்குப் போகப் போக, இங்கே ஒரு குடியிருப்பு இருந்தது என்பதற்கு இருந்த ஒரே அடையாளம் குறைந்துகொண்டே வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது தன் தலைதான் என்பது அவளை அரித்தது. வேலைக்கு வராமல் நின்றாலோ, வேறு தலை சுமக்கும். சும்மாட்டை அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். ஒரு கூடைக்கு நாலு தரம் திரும்பிப் பார்ப்பாள்.

மூன்றாம் நாள் மண்வெட்டி பட்டுக் கெட்டியான ஏதோ ஒன்று உடைந்தது. தீயில் வெந்து செங்கல்லாகிப்போன குலுக்கையின் அடிப்பாகம். உள்ளே கறுத்துப்போன கம்பு குவியலாகக் கிடந்தது. ராக்கு கூடையைக் கீழே போட்டாள். அந்தக் குலுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்திருக்கச் சொன்னார்கள். அவள் எழவில்லை. மற்றப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கூடையை இறக்கி வைத்தார்கள். வேலை நின்றது. ராமசுப்பிரமணியன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில் ஏறுகிறது, மழைக்கு முன் முடித்தாக வேண்டும், உனக்கு என்ன வேண்டும் என்று எரிச்சலோடு கேட்டார்.

தன் வீடு இது என்று ராக்கு சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், உன் புருஷன் ஆயிரம் வருஷம் என்றானாமே என்று அவர் சிரித்தார். ராக்கு சிரிக்கவில்லை. அடியில் கிடைக்கும் கரியைப் பம்பாய்க்கு அனுப்பி வயசு பார்க்கப்போவதாக அவருடைய ஆட்கள் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள். கரியைப் பார்த்து வயசு சொல்லும் ஜோசியன் பம்பாயில் இருக்கிறான் என்று பின்னால் நின்ற பெண்கள் இப்போதும் அதை வைத்துக் கேலி பேசினார்கள்.

ஜோசியம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராமசுப்பிரமணியனுக்கு ரோஷம் வந்தது. குடையை மடக்கிவிட்டு அந்தப் பள்ளத்தின் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து விளக்கினார். காற்றில் இருக்கிற கரியில் ஒரு சிறு பங்கு, தானாகவே அழிந்துகொண்டே இருக்கிற கரி. செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அதைப் புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அறுத்த அன்றோடு வரவு நிற்கும். பிறகு இருப்பது கரைவது மட்டும்தான். கரைவது அவசரப்படாது, சோம்பவும் சோம்பாது. ராஜா சொன்னாலும் ஏழை அழுதாலும் ஒரே வேகம். பாதி கரைய ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். மிச்சம் எவ்வளவு என்று கருவியால் அளந்தால், அறுத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

"அப்ப இந்தக் கம்பையும் அனுப்புங்க" என்றாள் ராக்கு.

அங்கேதான் சிக்கல் என்றார் அவர். அந்தக் கணக்கில் நூறு வருஷம் முன்னே பின்னே வரும். குருநாதனின் தாத்தா கருப்பட்டி காய்ச்சிய சாம்பலுக்கும் போன வருஷத்துச் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆயிரத்தை ரெண்டாயிரத்திலிருந்து பிரிக்கலாம். தாத்தாவைப் பேரனிடமிருந்து பிரிக்க முடியாது. அனுப்புவது வீண் வேலை.

"தெரியலைனா தெரியலைன்னு அவுக சொல்லட்டும். பாக்காமலே நீங்க ஏன் சொல்றீக?"

ராமசுப்பிரமணியன் குத்தவைத்த இடத்தைவிட்டு எழுந்தார். படித்த காலத்தில் தன் ஆசிரியர்களிடம் தானே கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது என்று அவருக்குப் பட்டிருக்கலாம். வேலை நடந்தால் போதும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். இரும்புக் கிடுக்கியை வரவழைத்தார். யாரும் கையால் தொடக் கூடாது, பீடிச் சாம்பல் விழக் கூடாது, ஓலைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று அதட்டிக்கொண்டே, குலுக்கையின் அடியில் கிடந்த கம்பை எடுத்து அலுமினியத் தாளில் மடித்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினார். வெந்த குலுக்கையைப் படம் பிடிக்கவும் சொன்னார். அப்புறம்தான் ராக்கு எழுந்தாள். எழுந்து கூடையை எடுத்தாள். மிச்ச வீட்டையும் அவளே சுமந்து கொட்டினாள்.

சித்திரையில் குழு போய்விட்டது. மறு வாரமே குருநாதனின் வண்டிகள் வந்து, கண்மாய்க் கரையில் கொட்டிய சாம்பலை மிளகாய்க் காட்டுக்கு எருவாக அள்ளிக்கொண்டு போயின. இனி ஓட்டாங்காட்டில் குடியிருந்ததற்கு உலகத்தில் இருந்த சாட்சி, எங்கோ பம்பாயில், ஒரு விரல் நீளக் குழாயில் கிடந்த கருகிய கம்பும் அந்தக் குலுக்கைப் படமும் மட்டும்தான்.

ராக்குவுக்கு உள்ளூரில் வேலை நின்றது. உப்பளத்துக்குப் போனாள். பாத்தியில் நின்று உப்பு வாருகிறவள் கிழக்கே போகிற தபால்காரரைப் பார்த்தால் வாருகோலைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவர் கையை விரிப்பார். மழைக்காலத்தில் ஓடை பெருகிக் குடிசைக்குள் வந்தது. பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றபடியே மூக்கையா, பம்பாய்க்காரன் கம்பைக் கூழ் காய்ச்சிக் குடித்திருப்பான் என்றான். ராக்கு அவனை அடிக்கவில்லை என்பதுதான் அதிசயம். ஒரு பக்கம் அவளுக்கே சந்தேகம். நூறு வருஷம் முன்னே பின்னே என்று பதில் வந்தால்? குருநாதன் சொன்னது அப்படியே நிலைத்துவிடும். கேட்டு அனுப்பவைத்ததே அவள்தான். சும்மா இருந்திருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். இந்த நினைப்பு அவளை எந்த இடத்திலும் நிற்கவிடவில்லை. உப்பளத்தில் இருந்து ஓட்டாங்காட்டுக்கு வருவாள், பள்ளத்தைச் சுற்றி நடப்பாள், வெறுமையாகத் திரும்புவாள். பேய் பிடித்தவள் வருகிறாள் என்று சின்ன வயதுப் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள். ஊரில் ஒரு பூசாரி விபூதி கொண்டுவந்து நீட்டினான். அது எத்தனை வருஷத்துச் சாம்பல் என்று அவள் கேட்டாள். அவன் போய்விட்டான்.

1966 பங்குனியில் ராமசுப்பிரமணியன் திரும்பி வந்தார். இந்தத் தடவை குருநாதன் வீட்டில் தங்கவில்லை, மேட்டிலேயே கூடாரம் போட்டார். தாசில்தாரும் வந்தார். ஊர் கூடியது. கிழக்குக் குடியிருப்புக்காரர்கள் வழக்கம்போல எட்ட நின்றார்கள். ராக்கு மட்டும் ஜீப்பின் முன்சக்கரத்தை ஒட்டி நின்றாள்.

அடியில் எடுத்த தாழியின் உமிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயசு என்று ராமசுப்பிரமணியன் சொன்னார். மூக்கையா பெருமையோடு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். குருநாதனும் பெருமையோடு தாசில்தாரைப் பார்த்தார். ஒரே சேதியில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

பிறகு அவர் மேலே எடுத்த கம்புக்கு வந்தார். பம்பாயில் முதலில் கருவியில் கோளாறு என்று நினைத்தார்களாம். திரும்பவும் அளந்தார்களாம். அதில் கரைகிற கரி குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது. சாதாரணமாக உயிருள்ள செடியில் இருக்க வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு.

குருநாதன் சிரித்தார். "அப்ப அது இன்னும் மொளைக்கவே இல்லாத கம்பா? ஒங்க கருவிக்குத்தான் பைத்தியம்."

கருவி சரிதான் என்றார் ராமசுப்பிரமணியன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் தீவுகளிலும் பனிக்காட்டிலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். அந்த வெடிப்பில் இந்தக் கரி புதிதாக உண்டாகிக் காற்றில் கலந்தது. உலகம் முழுக்கக் கலந்தது. 1963இல்தான் அது மிக அதிகம். அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த பயிரில்தான் இவ்வளவு இருக்கும். எந்தத் தாத்தா காலத்துப் பனையிலும் இருக்காது.

"குண்டு போட்டது எங்கனயோ. நம்ம ஏந்தல் கம்புக்குள்ள அது எப்பிடிய்யா வரும்?" என்றார் குருநாதன்.

"காத்துக்கு வரப்பு கிடையாதுங்க."

மனிதனை மொத்தமாகக் கொன்றொழிக்கப் பழகிப் பார்த்த குண்டு, அதைச் செய்தவர்களுக்குத் தெரியாமலே, ஒரு கூலிக்காரிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. உள்ளூரில் சாட்சி சொல்ல ஒரு மனிதன் முன்வரவில்லை என்பதையும் இதோடு சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

போகிற வருகிறவன் எரித்த சுள்ளியாக இருக்கும் என்று குருநாதன் சொல்லிப் பார்த்தார். ராமசுப்பிரமணியன் வெந்த குலுக்கையின் படத்தை தாசில்தாரிடம் நீட்டினார். போகிற வருகிறவன் குலுக்கை கட்டிக் கம்பு சேர்த்து வைத்துக்கொண்டா எரிப்பான் என்று தாசில்தார்தான் கேட்டார். கணக்குப்பிள்ளை தலையாட்டவில்லை, குனிந்துகொண்டார்.

அதன் பிறகு காரியம் வேகமாக நடந்தது, ஆனால் முழுக்க நேராக நடக்கவில்லை. இரண்டாயிரம் வருஷத்து மேடு இனி அரசாங்கக் காவலுக்குப் போகும், அதில் யாரும் குடியேற முடியாது என்றார் தாசில்தார். 1964 வரை இங்கே குடியிருப்பு இருந்தது உறுதியானதால், மேட்டின் கிழக்குச் சரிவில், வெள்ளம் ஏறாத புறம்போக்கில், குடும்பத்துக்கு ஒரு மனை அளந்து கொடுக்கச் சொன்னார். அந்த இடத்திலேயே அளவுச் சங்கிலியை விரித்தார்கள். மூக்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று அளந்து அளந்து நடந்தான்.

ராக்கு சங்கிலி பக்கம் போகவில்லை. தாசில்தாரிடம் போய் நின்றாள்.

"வீடு இருந்துச்சுன்னு ஆகிப்போச்சுங்களா?"

ஆகிவிட்டது, எழுதியும் ஆயிற்று என்றார் அவர்.

"எரிஞ்சதும் நெசந்தானுங்களா?"

அதுவும் நிஜம்தான் என்றார்.

"அப்ப எரிச்சவன்னு ஒருத்தன் இருக்கணும்ல?"

தாசில்தார் பேனாவை மூடினார். அது தன் விசாரணையில் வராது, போலீஸ் பார்க்க வேண்டியது, மனை கிடைத்ததே பெரிது, போய் வீட்டைக் கட்டப் பார் என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. குருநாதன் அங்கேதான் நின்றார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

ராக்கு மேட்டை விட்டு இறங்கினாள். மூக்கையா சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தபடியே கூப்பிட்டான். "ஏ புள்ள, மனை அளக்கிறாக, நீ எங்கன போற?"

"சாயல்குடி போலீசு டேசனுக்கு. நீ அள. நான் வாரேன்."

"இப்பத்தான ஒண்ணு முடிஞ்சிச்சு" என்றான் அவன்.

அவள் நிற்கவில்லை. ராமசுப்பிரமணியன் கூடாரத்துக்குள் போய்க் குலுக்கைப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு வந்தார். உடைமரங்களுக்கு நடுவே போகிற வண்டிப் பாதையில், மூக்கு உரிந்த அந்த மனிதர், கையில் படத்தோடு, அவளை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தார்.